இரண்டாவது மாடியில் என் படம்

பேய், ஆவி என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் அவர்கள் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன், அப்படிப்பட்டவள் நான். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் மாமனார் காலத்திலிருந்தே எங்களுடையது பௌத்தக் குடும்பம், தாயத்து, மந்திரிப்பு, எலுமிச்சம்பழம் எதுவும் எங்கள் வாசற்படி ஏறினதில்லை. தெருக்கோடியில் ஒரு வீடு ஆறு வருஷம் பூட்டிக் கிடந்தது, உள்ளே யாரோ நடமாடுகிறார்கள் என்று பட்டப்பகலில்கூட ஜனங்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போவார்கள். நான் ஒருநாள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே நடமாடினது பெருச்சாளி. ரெண்டு பெருச்சாளி.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், பரவாயில்லை. நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். அதுவும் நடந்தது சுடுகாட்டிலோ பாழடைந்த பங்களாவிலோ இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில், கம்ப்யூட்டரில், காலை வேளையில். சிரிப்பு வருகிறது இல்லையா? சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் சேகர், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் அவர் ஏறி இறங்காத கட்டடம் கிடையாது. நான் தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், முப்பது பேரை மேய்க்கிற வேலை, அதனால் எனக்குக் குரலும் கொஞ்சம் பெரிசு, கோபமும் கொஞ்சம் பெரிசு. ஒரே பையன் தினேஷ், துபாயில் இருக்கிறான். போன வருஷம் மழைக்காலத்தில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்து வந்தார், ஆனால் வலது கை, வலது கால் போச்சு, பேச்சு பாதி போச்சு, கூடவே இன்னொன்றும் போச்சு, அதை நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். எழுத்துப் படிக்க வரவில்லை. தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. "எறும்பு மாதிரி ஓடுது குமுதா" என்றார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு. வலதுபக்கப் பார்வையும் மங்கல்.

நான் காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மூன்றரைக்குத்தான் திரும்புவேன். பக்கத்து வீட்டு ரோஸி அக்கா நடுவில் வந்து கஞ்சி கொடுப்பார்கள், மற்றபடி மனிதர் தனியாகத்தான் கிடக்க வேண்டும். போனில் அந்தச் சின்னச் சின்னப் பட்டனெல்லாம் அவரால் அழுத்த முடியவில்லை. ஆபீஸில் பழைய கம்ப்யூட்டரைக் கழித்தபோது எனக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள், பையன் ஊரை விட்டுப் போனதிலிருந்து துண்டு போர்த்திக் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பினேன். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற மஞ்சுநாத் என்பவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எழுத்தே வேண்டாக்கா, படம் வெச்சிடலாம்" என்று அவர்தான் யோசனை சொன்னார். ஒவ்வொரு ஐகானையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நமக்குப் பிடித்த போட்டோவை ஐகானாக மாற்றி வைக்கலாம், பெரிசாக்கலாம், கீழே இருக்கிற பெயரைக்கூட இல்லாமல் பண்ணலாம். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஐம்பது வயசில் எனக்கு இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

திரையின் இடதுபக்க ஓரத்தில், அவருக்குக் கண் தெரிகிற பக்கத்தில், மேலிருந்து கீழாக ஆறே ஆறு படம் வைத்தேன். மேலே குப்பைத்தொட்டி, அதை எடுக்கத் தெரியாததால் விட்டுவிட்டேன். அதற்குக் கீழே செய்திக்கு எங்கள் வீட்டு டிவியின் போட்டோ. அதற்குக் கீழே தினேஷ் முகம், ரெண்டு தட்டு தட்டினால் அவனுக்கு வீடியோ கால் போகும். அடுத்தது நான். அடுத்தது பாட்டுக்கு எங்கள் பழைய ரேடியோ. கடைசியில் கம்ப்யூட்டரை அணைக்க, மெயின் சுவிட்சின் போட்டோ.

அவர் பார்த்தார். அப்படியே கோணின வாயோடு சிரித்தார். என்ன சொன்னார் தெரியுமா? "லிஃப்ட்டு." ஆமாம், மனிதர் அதை லிஃப்ட் பட்டன் வரிசையாகவே பார்த்துவிட்டார். கீழே இருந்து எண்ண ஆரம்பித்தார். மெயின் சுவிட்ச் தரைத்தளம். முதல் மாடி பாட்டு. ரெண்டாவது மாடி நான். மூணாவது மாடி தினேஷ். நாலாவது மாடி செய்தி. குப்பைத்தொட்டி மொட்டை மாடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. "மூணாவது மாடிக்குப் போனேன், பையன் குளிக்கிறான்" என்பார் குழறிக் குழறி. ரோஸி அக்காவுக்கு ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள்.

என் படம் எதை வைப்பது என்பதில் ஒரு சண்டையே நடந்தது. நல்லதாக, பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு இருக்கிற படம் ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனேக்கல்லில் ஒரு கல்யாணம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, இவர் யாரோடோ பேசிக்கொண்டு நின்று பஸ்ஸை விட்டதற்காக நான் கத்திக்கொண்டிருந்தேன், அதை அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கண்ணை உருட்டி, விரலை நீட்டி, காளி மாதிரி நிற்கிறேன். அதைத்தான் வைக்கச் சொன்னார். "ஐயே, இது எதுக்கு? பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றேன். "இதான் நீ. சிரிச்ச மூஞ்சி வெச்சா… யாரோன்னு நெனச்சுப்பேன்" என்றார். சரி, ஒழியட்டும் என்று அதையே வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வெச்ச எடத்த மாத்தாதே குமுதா. பட்டன் எடம் மாறுனா மனுசன் வேற மாடில எறங்கிடுவான்." லிஃப்ட்காரர் பேச்சு என்று நினைத்துக்கொண்டு சரி சரி என்றேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு மூணாவது மாடி. தினேஷுக்கு அங்கே அஞ்சரை, வேலைக்குக் கிளம்புகிற நேரம். பத்து நிமிஷம் பேசுவான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இவர் ராத்திரி தூங்கினார் என்று சொல்ல வேண்டும். நானே சொல்கிறேன், பையன் நல்ல பையன்தான். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தபோது அவன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றான். அதை நான் மனசுக்குள்ளேயே வைத்துப் புகைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவன் சிநேகிதன் ஒருவன் போட்டிருந்த படம் கண்ணில் பட்டது, கொச்சியில் ஒரு கல்யாணம், அதே மாசம், நடுவில் என் பையன் பூமாலையோடு நிற்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போனைப் போட்டேன். "கொச்சி வரைக்கும் வரத் தெரிஞ்ச உனக்கு பெங்களூர் வரத் தெரியலயா? இனிமே போன் பண்ணாதே, பண்ணா எடுக்காதே, எங்களுக்குப் பையனே கெடயாதுன்னு நெனச்சுக்கிறோம்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். நான் சொன்னபடியே அன்றிலிருந்து எடுக்கவும் இல்லை.

ஆனால் இவருக்கு என்ன தெரியும்? ஏழு மணிக்குத் தட்டுவார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். நிற்கும். மறுபடி தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது அதைப் பார்த்தேன். சட்டையெல்லாம் போட்டு, இடது கையாலேயே தலைவாரி, எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது நிமிஷம். ஒரு தடவை பையனுக்குப் போன் போட்டு, "அப்பா கூப்பிட்டா மட்டும் எடுடா" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. என் திமிர் விடவில்லை. அதற்குப் பதில் என்ன பண்ணினேன் தெரியுமா, அவர் குளிக்கப் போன நேரத்தில் தினேஷ் படத்தை அழித்துவிட்டேன்.

வந்து பார்த்தார். "மூணாவது மாடி எங்க?" என்றார். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, மஞ்சுநாத் வந்து சரி பண்ணுவாரு" என்றேன். அவர் அந்தக் காலி இடத்தையே தட்டிக்கொண்டிருந்தார். மறுநாளும். அதற்கு மறுநாளும். அந்தப் பள்ளத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஐகான்களைத் தானாக நெருக்கி அடுக்கிக்கொள்ளச் சொல்கிற ஒரு டிக் இருக்கிறது, மஞ்சுநாத் காட்டிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டேன். கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறிப் பள்ளத்தை மூடிவிட்டது. மூணாவது மாடிக்கு நான் வந்துவிட்டேன். ரெண்டாவது மாடிக்குப் பாட்டு. முதல் மாடிக்கு மெயின் சுவிட்ச். இதைவிடப் பெரிய பாவம் நான் என் வாழ்நாளில் செய்யவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் இருக்கிறேன், சரியாக ஏழு மணிக்கு என் போன் அடிக்கிறது. "வீடு" என்று காட்டுகிறது. எடுத்தால் இவர் முகம், தலைவாரி, சட்டை போட்டு. "தம்பி?" என்றார். "நான்தாங்க, குமுதா" என்றேன். என்னையே பார்த்தார். அணைத்துவிட்டார். நாலு நாள் அப்படியே நடந்தது, நாலு நாளும் "தம்பி?" என்றார். அஞ்சாவது நாள் கால் வரவில்லை. புரிந்துகொண்டார், பழகிவிட்டார் என்று நினைத்தேன். பாட்டுக் கேட்கத் தட்டினால் கம்ப்யூட்டர் அணைந்து போகிறது என்று மட்டும் ரோஸி அக்காவிடம் சொல்லியிருக்கிறார். படம் பெரிசாகத்தானே இருக்கிறது, பார்த்துத் தட்ட வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சல். அவர் படத்தைப் பார்த்தே தட்டவில்லை, இடத்தைப் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் இருட்டில் பட்டனைத் தடவியே வேலை செய்த கை அது. எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு ரோஸி அக்கா போன் பண்ணினார்கள். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன், ஒன்றும் மிச்சம் இல்லை. நாற்காலியிலேயே இருந்தார், இடது கை மௌஸ் மேலே. அக்கா அழுதுகொண்டே சொன்னார்கள்: "பாட்டு கேட்டுச்சு குமுதா. ஆரம்பிக்குது, நிக்குது, திரும்ப ஆரம்பிக்குது, நிக்குது. அண்ணன் வெளையாடறாருன்னு நெனச்சிட்டேனே. நானு பாத்திரம் வெளக்கினு இருந்தேனே." அப்போதும் ரேடியோ ஜன்னல்தான் திரையில் திறந்து கிடந்தது. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ரெண்டாவது மாடி. என்னைத்தான் தட்டியிருக்கிறார். தட்டத் தட்டப் பாட்டு வந்திருக்கிறது. அக்கா கூப்பிடும்வரை என் போன் ஏப்ரன் பாக்கெட்டிலேயே இருந்தது, அதற்கு முன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தினேஷ் வந்தான். அப்பாவைக் குளிப்பாட்டினான், தூக்கினான், அடக்கம் பண்ணினான், அஞ்சு நாள் இருந்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வந்து வந்து நிறுத்தினான், நானும் கேட்கவில்லை. போய்விட்டான்.

இதுவரைக்கும் சொன்னதில் அதிசயம் ஒன்றும் இல்லை, துக்கம்தான். இனிமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துத் துண்டைப் போர்த்தியிருந்தேன். முதல் நாள், தொம்மலூர் ஆபீஸில், நாலாவது தளத்தில் ரெண்டு பெண்களோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். பாக்கெட்டில் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் "வீடு". மணி ஒன்பது நாற்பத்திரண்டு. எடுத்தேன். படம் இல்லை, இருட்டு. எங்கள் கூடத்து மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று இடிக்கும், அந்தச் சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம். மௌஸ் தட்டுகிற சத்தம். மெதுவாக, டிக்… டிக். பழகாத இடது கையால் தட்டுகிறவர்களுக்கு ரெண்டு தட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும், அந்த இடைவெளி எனக்குத் தெரியும். "என்னாங்க" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. நின்றுவிட்டது.

திருடன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து வீட்டுக்கு ஓடினேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பூட்டு பூட்டினபடி இருக்கிறது. துண்டு மடித்து நாற்காலி மேல் இருக்கிறது. கம்ப்யூட்டர் எரிகிறது. இடது ஓரத்தில் மூணாவது மாடி காலியாக இருக்கிறது. அதே பள்ளம். நான் ரெண்டாவது மாடிக்கு இறங்கியிருக்கிறேன், பாட்டு முதல் மாடிக்கு, மெயின் சுவிட்ச் தரைத்தளத்துக்கு. எல்லாம் அவர் பழகின இடத்தில்.

நெருக்கி அடுக்குகிற டிக் போட்டபடியே இருந்தது. அது இருந்தால் பள்ளம் விழவே முடியாது, எனக்கே தெரியும். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், எல்லாம் மேலே ஏறி மூடிக்கொண்டது. அணைத்தேன். மறுநாள் அதே ஒன்பது நாற்பத்திரண்டு. மறுபடி "வீடு". சாயந்திரம் வந்து பார்த்தால் மறுபடி பள்ளம்.

மூன்றாவது நாள் மஞ்சுநாத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் உட்கார்ந்து டிக்கைப் பார்த்தார், நெருக்கினார், அணைத்துப் போட்டார். பள்ளம். மறுபடி நெருக்கினார், மறுபடி அணைத்துப் போட்டார். பள்ளம். "சாத்யானே இல்லக்கா" என்றார் கன்னடத்தில். மூன்றாம் தடவை போடும்போது அவர் நெற்றி வேர்த்திருந்தது. "எல்லாம் அழிச்சிட்டு ஃபுல்லா புதுசா போட்டுடட்டுமா அக்கா?" என்றார். வேண்டாம் என்றேன், கத்தியே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாவம், போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். இன்றைக்கும் ஆபீஸில் என்னைப் பார்த்தால் கம்ப்யூட்டர் பேச்சு மட்டும் எடுக்க மாட்டார்.

ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டும் பார்த்தேன். அன்று கால் வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஒன்பதரையிலிருந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாற்பத்திரண்டு வந்தது, போனது. அங்கே ஒருத்தர் தட்டிக்கொண்டே இருக்கிறார், நான் கம்பியைப் பிடுங்கிவிட்டேன் என்று தோன்றிவிட்டது. சாயந்திரம் போய் முதல் வேலையாகத் திரும்பச் செருகினேன்.

அந்தப் பள்ளம் எதற்காகக் காத்திருக்கிறது என்று புரிய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, தினேஷ் போட்டோவைத் தேடி எடுத்து, ஐகானாக மாற்றி, மூணாவது மாடியில் கொண்டுபோய் வைத்தேன். நாலு தடவை வேறு இடத்தில் விழுந்தது. வைத்துவிட்டு, ரெண்டு தட்டு தட்டினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா?" என்றான்.

"நான்தாண்டா."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அழுதோம். நான் முதலில் கேட்டது, "ஏன்டா அப்பா கூப்பிட்டப்ப எடுக்கல?" என்றுதான். நான்தான் எடுக்காதே என்றேன், நானே கேட்கிறேன், பாருங்கள்.

"நீதானம்மா எடுக்காதேன்னு சொன்ன. டெய்லி அடிக்கும்மா. காலைல அஞ்சரைக்கு. ஒருநாள்கூட நிக்கல. நான் போன கையில வெச்சிக்கினு பாத்துனே இருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எது வரைக்கும் அடிச்சுது?"

"அப்பா போற அன்னைக்கு வரைக்கும்."

"அது எப்படிடா? உன் படத்த நான் ரெண்டு மாசம் முன்னயே அழிச்சிட்டேன். அந்த எடத்துல தட்டுனா எனக்குத்தான்டா வரும். அப்பாவுக்கு உன்னக் கூப்பிட வழியே இல்லயே."

அப்புறம்தான் அவன் சொன்னான். "அன்னைக்கு மட்டும் வேற நேரத்துல அடிச்சுதும்மா. டூட்டில இருந்தேன். என்னமோ தோணுச்சு, எடுத்துட்டேன். படம் வரல, குரல்தான். அப்பா நல்லா பேசுனாரும்மா, குழறவே இல்ல, முன்ன மாதிரி. 'தம்பி, அம்மாவக் கூப்பிடணும், ரெண்டாவது மாடில அம்மா இல்லடா, எங்கடா போனா?'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. 'நல்லா பாருப்பா, அங்கதான் இருக்கும், கோவமா இருக்கிற படம், பாத்துத் தட்டு'ன்னேன். 'பாட்டுதான்டா வருது'ன்னாரு. பின்னாடி பாட்டு கேட்டுச்சு. கட்டாயிடுச்சு. நான் உனக்குப் போன் பண்ணியிருக்கணும்மா. நீ திட்டுவியேன்னு பண்ணல."

"மணி என்னடா அப்ப?" என்றேன். அவன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். அங்கே எட்டு பன்னிரண்டு. நம் கணக்குக்கு ஒன்பது நாற்பத்திரண்டு. நாலு நிமிஷம் பேசியிருக்கிறார். அந்தக் கால் வந்த பதிவை அவன் போனிலிருந்து எனக்குப் படம் எடுத்து அனுப்பினான், இப்போதும் வைத்திருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் தேடினேன், அன்றைக்கு எந்தக் காலும் போனதாக இல்லை.

அவனைத் திட்டவில்லை. என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு திட்டுவது? அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஏன் வரவில்லை என்று அவனே சொன்னான். "அப்பாவ அப்படிப் பாக்க பயமா இருந்துச்சும்மா." அவ்வளவுதான் விஷயம். அதைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான்.

மறுநாள் ஒன்பது நாற்பத்திரண்டுக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கப்புறம் இன்று வரைக்கும் அடிக்கவே இல்லை. பள்ளமும் விழவில்லை. நெருக்கி அடுக்குகிற டிக்கை எடுத்துவிட்டேன், இனி யாரும் யாரையும் நெருக்க வேண்டாம். தினேஷ் தினமும் ஏழு மணிக்குப் பேசுகிறான், நான் பஸ்ஸில் இருந்து பேசுகிறேன்.

இத்தோடு முடிந்தது என்றால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

ரெண்டாவது மாடியில் இருக்கிற அந்தக் கோபப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைசி நேரத்தில் மனிதர் தேடினது இந்த மூஞ்சியையா, இந்த நீட்டின விரலையா என்று தோன்றும். அதை மாற்றி, அந்தப் பட்டுப்புடவைப் படத்தை வைத்தேன், சிரிக்கிறது. சாயந்திரம் வந்து பார்த்தால் கோபப் படம். தப்பாகச் சேமித்திருப்பேன் என்று மறுபடி மாற்றினேன். மறுநாளும் கோபப் படம். மூன்றாவது தடவை, அந்த ஆனேக்கல் போட்டோவையே கம்ப்யூட்டரில் இருந்து அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணி, அவர் போனிலும் அழித்தேன். இனிமேல் அது எங்கேயும் கிடையாது, நான் தேடிப் பார்த்தாயிற்று. மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து துண்டை எடுத்தேன். ரெண்டாவது மாடியில் விரலை நீட்டிக்கொண்டு நான் நிற்கிறேன், மௌஸ் அம்பு என் முகத்துக்கு மேலே வந்து நின்றிருக்கிறது.

அதற்கப்புறம் மாற்றவில்லை. சிரித்த மூஞ்சி வைத்தால் யாரோ என்று நினைத்துக்கொள்வார்.